பஞ்சர் ஒட்ட மூன்று வாரம்

அந்த பெஞ்சில் உட்காராதீர்கள் அம்மா, அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். மின்விசிறியும் இதற்கு நேர் மேலேதான் இருக்கிறது. ஓடாது, ஆனால் இருக்கிறது. நான் இந்தத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு வரத் தொடங்கிய காலத்தில் அந்த மாடிப்படிக்குக் கைப்பிடியே கிடையாது. எங்கள் சங்கம் மனுப் போட்டு வாங்கிக் கொடுத்த கைப்பிடி அது. கதிரேசன் என்று சொல்லிப் பாருங்கள், பியூன் முதல் மேலதிகாரி வரைக்கும் தெரியும். தெரியும் என்றுதான் சொன்னேன், பிடிக்கும் என்று சொல்லவில்லை.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள்? சாப்ட்வேர் கம்பெனியா? ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்களா? எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அடடா. எழுதியிருக்கக் கூடாது. கையெழுத்து என்பது கழுத்து மாதிரி, நீட்டினால் வெட்டத்தான் செய்வான். சரி, உங்கள் கதையை அப்புறம் கேட்கிறேன். இன்றைக்கு என் கதை முடிகிற நாள். அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னும் சற்று நேரத்தில் ஒரு துரோகியின் தோலை உரிக்கப் போகிறார்கள். அதைப் பார்க்கத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

சாப்ட்வேர் என்றால், அதில் இருக்கிற தப்பைத் திருத்த ஏற்றுவார்களே பேட்ச், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிரிக்காதீர்கள். தெரிந்தாலும் நான் சொல்வதைக் கேளுங்கள். என் மாதிரி அதைப் புரிந்துகொண்டவர்கள் உங்கள் கம்பெனியிலேயே இருக்க மாட்டார்கள். எங்களுடையது டயர் தொழிற்சாலை. எங்கள் ஆட்கள் அதை பேட்ச் என்று சொல்வதில்லை. "ஞாயித்துக்கெழம பஞ்சர் ஒட்றாங்களாம்" என்பார்கள். அதிலேயே எல்லாம் வந்துவிட்டது. ஓட்டை இருக்கிறது, ஒட்டுகிறார்கள், ஒட்டுகிற நேரத்தில் வண்டி நிற்க வேண்டும். அவ்வளவுதானே உங்கள் படிப்பு?

முன்பெல்லாம் யார் எந்த இயந்திரத்துக்கு என்று மேஸ்திரி சொல்வார். மேஸ்திரிக்குப் பிடித்தவன் நிழலில், பிடிக்காதவன் நெருப்பில். பிறகு நிர்வாகம் எங்கள் தொழிற்சாலைக்கென்றே ஒரு சாப்ட்வேர் எழுதி வாங்கியது. வாசலில் கட்டைவிரலை வைத்தால் திரையில் பெயர் வரும், பக்கத்தில் இயந்திரம் வரும். நான் எதிர்க்கவில்லை. மேஸ்திரி ஒழிந்தான் என்று வரவேற்றேன். வரவேற்றதோடு விட்டேனா? திரையில் வந்ததை எந்த அதிகாரியும் கையால் மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஏற்றினேன். அது என் முதல் வெற்றி.

இரண்டாவதுதான் பெரியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஞ்சர் ஒட்டினார்கள். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் தேநீர் இடைவேளை இடம் மாறியிருக்கிறது! யாரைக் கேட்டு? நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டத்தைப் படித்தேன். நான் கல்லூரிப் பக்கம் போனதில்லை அம்மா. துண்டறிக்கை படித்தே எழுத்துக் கூட்டியவன். வேலை முறையை மாற்றுவதாக இருந்தால் மூன்று வாரம் முன்னால் சங்கத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. பஞ்சர் ஒட்டுவதும் வேலை முறையில் மாற்றம்தானே? இதே அலுவலகத்தில், இதே கதவுக்குப் பின்னால் வாதாடினேன். அவர்கள் வக்கீல், "சார், இது ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம்" என்றார். "தூக்குக் கயிறும் சின்ன டெக்னிக்கல் விஷயம்தாங்க, கழுத்து யாரோடதுங்கிறதுதான் பேச்சு" என்றேன். அதிகாரியே சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் தொழிற்சாலையில் சங்கம் கையெழுத்துப் போடாமல் ஒரு பேட்ச் ஏறாது. மூன்று வாரம் முன்னால் நோட்டீஸ், தொழிற்சாலைத் தலைமை மேலாளர் கையெழுத்தோடு. செவ்வாய்க்கிழமை தோறும் கூட்டம். நாட்டில் வேறெங்காவது இப்படி உண்டா, உங்கள் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். நீள மேஜை, ஒரு பக்கம் உற்பத்திக்காரர்கள், கம்ப்யூட்டர் பிரிவு மேலாளர் பிரான்சிஸ், பர்சனல் அதிகாரி. இந்தப் பக்கம் நான் மட்டும். எந்த ஞாயிறு ஒட்டலாம், எத்தனை நேரம் இயந்திரங்கள் நிற்கும், சரியாக வரவில்லையென்றால் பழையபடி எப்படித் திருப்புவது, எல்லாம் என்னிடம் விளக்க வேண்டும். புரிந்தாலும் இன்னொரு தடவை விளக்கச் சொல்வேன். அந்த பிரான்சிஸ் நல்ல பையன். "தோழர், இந்த வாரமாவது ஓகே சொல்லுங்க, அந்த சாப்ட்வேர் கம்பெனி ஆளுங்களுக்கு வேற ஊர்லயும் வேலை இருக்கு, தேதி போனா மாசக்கணக்குல கெடைக்காது" என்று கெஞ்சுவான். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்துவான். நான் தொட மாட்டேன். நிர்வாகத்தின் பிஸ்கட்டை நான் இந்த நாள் வரைக்கும் தொட்டதில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பர்சனல் அதிகாரிக்கு வருகிறேன். தணிகைவேல். பெயரைச் சொன்னாலே வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

அவன் அதிகாரியாகப் பிறந்தவன் இல்லை. எங்கள் ஆள். சங்கத்தின் துணைச் செயலாளராக இருந்தவன். என்னோடு சுவரில் எழுதியவன், என்னோடு லாக்கப்பில் ஒரே போர்வையில் படுத்தவன். எங்கள் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததே, மழைக்காலம் தொடங்கி மாட்டுப் பொங்கலும் தாண்டிப் போனதே, அதில் கடைசிக் கட்டத்தில் எனக்குத் தெரியாமல் நிர்வாகத்தோடு போய் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டான். ஏன் என்று கேட்டால், "அண்ணே, வீடுகள்ல அடுப்பு எரியல, பசங்க பள்ளிக்கூடத்த விட்டு நிக்குது" என்கிறான். போராட்டம் என்றால் அடுப்பு அணையத்தான் செய்யும்! இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நிர்வாகம் மண்டியிட்டிருக்கும். மண்டியிட்டிருக்கும் அம்மா, எனக்குத் தெரியும்.

என்னை வேலைநீக்கம் செய்திருந்தார்கள். என்னைத் திரும்ப எடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அவன் அங்கே பிடிவாதம் பிடித்தானாம். யார் கேட்டது? துரோகியின் பிச்சையில் நான் திரும்பவும் அந்த வாசலில் நுழைய வேண்டியதாயிற்று. ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வாசலில் நுழையும்போது எனக்கு அது நினைவுக்கு வந்தது. பிறகு அவன் அஞ்சல் வழியில் ஏதோ படித்து, பர்சனல் பிரிவில் சேர்ந்து, கழுத்துப்பட்டை கட்டிவிட்டான். எதிரியை நான் மதிப்பேன். எதிரி எதிரியாக இருக்கிறான். இவன் அப்படியில்லையே.

ஓய்வுக்குப் பிறகும் சங்கம் என்னை விடவில்லை, நானும் விடவில்லை. செயலாளர் நாற்காலி இன்னும் என்னுடையதுதான். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் அவன் எனக்கு எதிரே உட்கார வேண்டும். என்ன சுகம் தெரியுமா? அவன் ஒரு தேதி சொல்வான், நான் மறுப்பேன். ஒரு தடவை ஆடி அமாவாசை என்று தள்ளினேன். "அண்ணே, நீங்க சாமியே கும்பிட மாட்டீங்களே" என்றான். "நான் கும்பிடல சார். நீங்க கும்பிடுறீங்கல்ல, ஒங்களுக்காகத்தான்" என்றேன். பிரான்சிஸ் தண்ணீர் குடிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டான். எப்போதும் அவனை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அந்த 'சார்' அவனுக்குச் சுடும். நான் பார்த்திருக்கிறேன்.

தேநீர் சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

இந்த வருடம் கோடையில் அவன் வசமாக மாட்டினான். திரையில் ஒரு ஓட்டை. எங்கள் தொழிற்சாலையில் நோயோ ஆபரேஷனோ முடிந்து வருகிறவனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் லைட் டூட்டி உண்டு, பளு தூக்காத வேலை. அதையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், அது வேறு கதை. முந்தைய பேட்சுக்குப் பிறகு டாக்டர் எழுதியதைத் திரை படிக்காமல் விட்டுவிட்டது. நீண்ட விடுப்பில் இருந்து வந்தவனையெல்லாம் முழு பலசாலி என்று கணக்குப் பண்ணி, பிரஸ்ஸுக்கு அனுப்பியது. பிரஸ் என்றால் டயரை வேகவைக்கிற இடம். வெந்த டயரைக் கொக்கி போட்டு இழுத்துத் தூக்கி வைக்க வேண்டும். அங்கே நிற்பவனுக்குத் தோள்தான் சோறு போடுகிறது.

இதைக் கண்டுபிடித்தது தணிகைவேல். கண்டுபிடித்ததும் அந்த வாரமே ஒட்ட வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பினான். அவசரமாம். தலைமை மேலாளர் வெளிநாடு போயிருந்ததால் அவனே கையெழுத்துப் போட்டிருந்தான்.

அந்தக் காகிதம் என் கைக்கு வந்தபோது, அம்மா, எனக்கு இருபது வயது குறைந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் அவசரம் என்ற சொல்லே கிடையாது. தலைமை மேலாளர் கையெழுத்து வேண்டும், மூன்று வாரம் வேண்டும். இரண்டும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

கூட்டத்தில் பிரான்சிஸ் வாயெடுக்கும் முன்னால் தணிகைவேல் எழுந்துவிட்டான். "அண்ணே, இது தேநீர் விஷயம் இல்ல. ஆளுங்க ஒடம்பு விஷயம். இந்த ஞாயித்துக்கெழம வேல முடிச்சிடலாம், ஒரு மத்தியானப் பொழுதுதான்."

"மூணு வாரம் சார்."

"அதுவரைக்கும் நம்ம மேஸ்திரிய விட்டு கையால மாத்திக்கிறேனே?"

"கையால மாத்தக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கு சார். நீங்களே அப்ப சங்கத்துல இருந்தீங்களே, கை தட்டினீங்களே."

"அண்ணே, நம்ம மாசிலாமணி பேரு அதுல இருக்கு."

"நம்ம? எப்பலேர்ந்து சார் நம்ம?"

உட்கார்ந்துவிட்டான். அந்த முகத்தைப் பார்க்க நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று நினைக்கிறீர்கள்!

அதோடு விட்டானா? மறுநாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு முதல் முறையாக. செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். "அண்ணே, என்மேல இருக்கிற கோவத்துக்கு என்னை என்ன வேணா பண்ணுங்க. காலைக்கூடப் பிடிக்கிறேன். அந்த ஒரு கையெழுத்தை மட்டும் போடுங்க" என்றான். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. என் வீட்டம்மா தண்ணீர் எடுத்து வந்தாள்; செம்பை வாங்கிச் செடிக்கு ஊற்றினேன். "தலைமை மேலாளர் வரட்டும் சார். முறையா நோட்டீஸ் வரட்டும். அன்னிலேர்ந்து மூணு வாரம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அன்றைக்கு மாதிரி நான் ருசித்துச் சாப்பிட்டதில்லை.

என்ன கேட்கிறீர்கள்? மாசிலாமணி யாரா?

மாசிலாமணி என் வலக்கை. ஊர்வலத்தில் கொடி பிடிப்பது அவன்தான். கோஷம் எழுப்பும்போது அவன் கை மேலே போனால் ஆயிரம் கை மேலே போகும். அவனுக்குத்தான் தோளில் ஆபரேஷன் ஆகி, லைட் டூட்டி எழுதியிருந்தது. திரை அவனை பிரஸ்ஸில் போட்டது. சங்க அலுவலகத்துக்கு வந்தான். சட்டைப் பட்டனைக்கூட இடது கையால்தான் போட்டிருந்தான். "அண்ணே, தோள் தாங்கல. ராத்திரி படுக்க முடியல. வேற வேல கேக்கலாமா?" என்றான்.

"திரை சொன்ன வேலைய மறுத்தா அது ஒழுங்கு மீறல் மாசிலா. நாமளே ஒப்பந்தத்த மீறலாமா? கொஞ்ச நாள் பல்லக் கடிச்சுக்க. துரோகி செருப்பக் கழட்டிட்டு என் வாசல்ல நின்னான்டா! நீ தாங்கினா அவன் ஒடஞ்சிடுவான்."

அவன் இடது கையை மேஜையில் ஊன்றி எழுந்தான். பிறகு, "நீங்க சொன்னா சரிண்ணே" என்றான். அப்படிப்பட்ட தோழன். கட்டுப்பாடு என்றால் அது. இப்போதெல்லாம் அப்படிப் பிள்ளைகள் எங்கே?

தலைமை மேலாளர் வந்தார், முறைப்படி கையெழுத்துப் போட்டார், மூன்று வாரம் ஓடத் தொடங்கியது. அதற்குள் மாசிலாமணிக்கு விபத்து. கொக்கி போட்டு இழுத்திருக்கிறான், தோள் கைவிட்டிருக்கிறது, டயர் சரிந்து அவனை இயந்திரத்தோடு சேர்த்து நசுக்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை இனிமேல் தோளுக்கு மேலே எழும்பாது என்றார்கள் டாக்டர்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்கு மட்டும் வலிக்காதா? அன்றைக்கே வாசலில் கூட்டம் போட்டேன். பெருங்கூட்டம். துண்டறிக்கை நானே எழுதினேன். 'முழங்கிய கையை முடக்கிய தணிகைவேலே, பதில் சொல்!' ஆளுக்கு ஆள் அதைப் படித்துவிட்டுக் கொதித்தார்கள். ஓட்டை இருப்பது தெரிந்தும் ஒட்டாமல் விட்ட அதிகாரி யார்? லைட் டூட்டிக்குப் பொறுப்பு யார்? பர்சனல் பிரிவுதானே? பொய்யில்லையே? ஒவ்வொரு சொல்லும் சட்டப்படி சரி. நிர்வாகத்துக்கும் ஒரு தலை வேண்டியிருந்தது. அவனையே நீட்டிவிட்டது. தற்காலிக நீக்கம். இப்போது விபத்து விசாரணை. மாசிலாமணி உள்ளே போய், 'இந்த ஆள்தான் என்னை அந்த இயந்திரத்தில் நிறுத்தினான்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தணிகைவேலின் வேலையும் போகும், பெயரும் போகும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பத் திரும்ப அதையே கேட்கிறீர்களே. நான் கையெழுத்துப் போட்டிருந்தால்? போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு முறை அவசரம் என்று விட்டால் அடுத்த முறை எல்லாமே அவசரம்தான். உரிமை என்பது கரும்பலகையில் எழுதியதா, தேவைப்படும்போது அழித்துக்கொள்ள? நீங்கள் பேட்ச் சோதித்துப் பார்க்கிற வேலை என்றீர்களே, உங்களுக்குத் தெரிய வேண்டாமா, அவசரத்தில் ஒட்டினால் என்ன ஆகும் என்று? அது சரியாக ஒட்டியிருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ...பிறகா? பிறகு ஒட்டினார்கள். மூன்று வாரம் முடிந்து, முறைப்படி, நான் கையெழுத்துப் போட்டு. ஆமாம், சரியாகத்தான் இருந்தது. அதற்கென்ன?

மாசிலாமணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு சால்வையோடு போனேன். தூங்குகிறான் என்றாள் அவன் மனைவி அஞ்சலை. இரண்டாவது முறை போனேன், தூங்குகிறான். மூன்றாவது முறை வாசலிலேயே நின்றுகொண்டு, "சால்வைய எந்தத் தோள்ல போடுவீங்க?" என்று கேட்டாள். வலி அம்மா. வீட்டில் ஒருவருக்கு அடிபட்டால் பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இருங்கள். படியில் சத்தம். அவர்கள்தான்.

பார்த்தீர்களா, அஞ்சலை பின்னால் வருகிறாள், பை எடுத்துக்கொண்டு. மாசிலாமணி... அவன் இடது கையைப் பிடித்துப் படியேற்றி வருவது யார்? என் கண்ணாடி... பொறுங்கள்.

தணிகைவேல்.

மாசிலா அவன் தோளில் சாய்ந்துகொண்டு வருகிறான்! அந்தத் துரோகி ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி ஏற்றுகிறான், பெற்ற பிள்ளையை ஏற்றுவதுபோல. என்ன நாடகம்! "மாசிலா! இங்க வா, நான் இருக்கேன்ல!"

...

கேட்டீர்களா, மாசிலா என்ன சொல்லிவிட்டு உள்ளே போகிறான் என்று? "நடந்ததத்தான் சொல்லப் போறேண்ணே. சங்க ஆபீசுக்கு வந்து ஒங்ககிட்ட நான் வேற வேல கேட்டதயும் சேர்த்து." நின்றுகூடப் பேசவில்லை. தணிகைவேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போகிறான். குற்றவாளிதானே தலை குனிவான்?

வாங்கிவிட்டான் அம்மா. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விலை பேசி வாங்கிவிட்டான். அன்றைக்கு அடுப்பைக் காட்டிச் சங்கத்தை வாங்கினான், இன்றைக்குக் கட்டுத் துணியைக் காட்டி என் வலக்கையை வாங்கிவிட்டான். நான் வளர்த்தவன்! கொடி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவன் நான்! பரவாயில்லை. இருக்கட்டும். கதிரேசன் இதைவிடப் பெரிய துரோகங்களைப் பார்த்தவன். சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்தில் வாசலில் துண்டறிக்கை இருக்கும். அச்சகத்துக்காரன் எனக்காக மற்ற வேலையை நிறுத்திவைப்பான். தலைப்பு இப்போதே வந்துவிட்டது. 'தோளை விற்ற மாசிலாமணி.' எப்படி? படிப்பவன் நெஞ்சில் தைக்க வேண்டும். 'தோளை விற்ற மாசிலாமணியே, தொழிலாளி உன்னை மன்னிப்பானா?' ஆமாம், அதுதான் சரி. அவனும் அவன் பெண்டாட்டியும் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கக் கூடாது.

ஒரு பேனா கொடுங்கள், மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? உங்கள் பெயரை இன்னும் கூப்பிடவில்லையே. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும் என்று சொன்னேனே... சரி, போங்கள். பேனாவைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.